ஆனைமிரட்டிக்குச் சொந்தக்காரச் செடி

மலைக்காட்டு ஓடைக்கரையில், ஈரமும் நிழலும் குறையாத இடத்தில் ஒரு செடி நின்றது. மேட்டில் நின்ற ஆனைமிரட்டி அதற்குப் பெரியப்பா முறை. இலை பட்டால் உடம்பெல்லாம் எரியும் என்று யானைகூட அந்தப் பெரியப்பாவைச் சுற்றித்தான் போகும். ஓடைச் செடிக்கோ எரிக்கிற சுணைமுடி பேருக்குக்கூட ஒன்று கிடையாது. அதை அது யாரிடமும் சொன்னதில்லை.

"எட்டி நில்லுங்க! நாங்க ஆனைமிரட்டி வம்சம்" என்று வந்தவர்களையெல்லாம் விரட்டும். அதனால் பழம் பழுத்தும் தின்ன ஆளில்லாமல் காலடியிலேயே அழுகியது.

ஒரு நாள் காற்றுமழையில் ஒரு கொண்டைக்குருவி தவறி அதன் கிளைக்குள் விழுந்தது. எரியப்போகிறதே என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. பிறகு மெல்ல ஒரு கண்ணைத் திறந்தது.

"என்னங்க, எரியவே இல்லையே?"

"மெதுவாப் பேசு!" என்று செடி பதறியது. "பழத்தை வயிறு முட்டத் தின்னுக்கோ. போகும்போது மட்டும் 'ஐயோ, எரியுதே'ன்னு கத்திட்டுப் போ. குடும்ப மானம்."

குருவி தினமும் தின்றது, தினமும் கத்தியது. பங்குக்கு வேறு பறவை வந்துவிடக் கூடாதே என்று கூடுதலாகவே கத்தியது.

அது எச்சமிட்ட எதிர்க்கரையில் ஒரு நாற்று முளைத்தது. இரண்டே இலை. ஊர்ந்து வந்த நத்தையைப் பார்த்து, "எட்டி நில்லுங்க! நாங்க யார் தெரியுமா?" என்றது.

"தெரியாதுங்களே" என்று நத்தை ஒரு இலையைத் தின்று முடித்தது.

நாற்று மிச்ச இலையைச் சுருட்டிக்கொண்டு கெஞ்சியது:

"சரி, போகும்போது ஒரு 'ஐயோ'வாவது சொல்லிட்டுப் போங்க."