மக்காத குப்பை

வீட்டிலிருந்து பச்சைக் கூடையை மட்டும் எடுத்து வரச் சொன்னால், வாட்ச்மேன் நீலக் கூடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். ரெங்கநாயகி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

மக்காத குப்பைக்கான அந்த நீலக் கூடையில் முட்டை ஓடு இருந்தது.

கே.கே. நகரில் அவர்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டின் வாசலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். குப்பையை எப்படிப் பிரிப்பது, எப்படிக் குறைப்பது என்று எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் சங்கச் செயலாளர் முரளிதரன். அவளுடைய கணவர்.

ரயில்வேயில் ஓய்வு பெற்றதிலிருந்து மனிதருக்குக் குப்பைப் பைத்தியம். பச்சைக் கூடையில் விழும் காய்கறித் தோலைத் தினமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் உரத்தொட்டியில் கொட்டுவார். அரை மணி நேரம் கிளறிவிட்டுத்தான் இறங்குவார். யாருக்கு வாய்க்கும் இப்படி ஒரு கணவன் என்று வீடு வீடாகச் சொல்லிப் பெருமைப்பட்டவள் ரெங்கநாயகி.

ஆனால் பச்சைக் கூடையில் எதைப் போட்டாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். அதனால்தான் முட்டை ஓட்டைப் பால் கவருக்குள் திணித்து, நீலக் கூடையிலிருந்த பைக்குள் அடியில் தள்ளியிருந்தாள்.

நடப்பதோ புரட்டாசி மாதம்.

வழக்கமாகச் சனிக்கிழமை மட்டும்தான் சைவம். இந்த வருஷம் மாதம் முழுக்க வீட்டில் கவிச்சியே கூடாது என்று சட்டம் போட்டது அவள்தான். போட்டதோடு நிற்காமல், மீன் வறுக்கும்போது ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கீழ்வீட்டு பிரான்சியிடம் சண்டைக்கே போய்விட்டு வந்தாள்.

பிரான்சியும் சாத்தினாள். சாத்திய ஜன்னலையும் மீறி நேற்று மத்தியானம் வஞ்சிரம் வாசனை மாடி ஏறி வந்தது. முரளிதரன் பேங்குக்குப் போயிருந்தார். ஒரே ஒரு ஆம்லெட் போட்டுக்கொண்டாள்.

சரி, இரண்டு.

இப்போது முதல் வரிசையிலேயே பிரான்சி உட்கார்ந்திருந்தாள்.

அதைக்கூடச் சமாளித்துவிடலாம். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனிதர், இருபது நாளாகப் புடலங்காய்க் கூட்டை முகம் சுளிக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தில் எப்படி விழிப்பது? நினைத்தாலே அழுகை வந்தது அவளுக்கு.

முரளிதரன் பச்சைக் கூடையைக் கவிழ்த்துக் காட்டினார். வாழைக்காய்த் தோல், முருங்கைக் காம்பு, காப்பித் தூள். அப்பழுக்குச் சொல்ல முடியாது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"அந்தப் பையையும் பிரிச்சுக் காட்டுங்க சார்" என்றாள் பிரான்சி.

ரெங்கநாயகி ஓடிப்போய்ப் பையைப் பிடித்தாள். அதற்கு முன்பே முரளிதரன் பிடித்திருந்தார். அவர் பையைப் பிரிக்கவில்லை. அவசர அவசரமாக முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் இழுத்தாள். அவரும் விடவில்லை. பை கிழிந்தது.

பால் கவர் விழுந்து முட்டை ஓடு மேசையெல்லாம் சிதறியது. அதன் பின்னாலேயே, அவள் வைக்காத ஒரு சில்வர் பேப்பர் பொட்டலமும் விழுந்து பிரிந்துகொண்டது.

கோழி எலும்பு. ஒரு துணுக்குச் சதைகூட மிச்சமில்லாமல் சப்பிய எலும்பு.

முரளிதரன் முட்டை ஓட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பார்த்தீங்கல்ல? மக்காத குப்பையோட இதையெல்லாம் கலக்கவே கூடாது. உங்களுக்குப் புரியணும்னுதான் நாங்க ரெண்டு பேரும் எங்கெங்கயோ தேடிப் புடிச்சு உள்ள போட்டு வச்சோம்."

கைதட்டல் பலமாக எழுந்தது. பிரான்சி மட்டும் எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து இருவரும் படியேறினார்கள். தினமும் மொட்டை மாடியில் அரை மணி நேரம் அப்படி என்னத்தைக் கிளறினார் என்பது ரெங்கநாயகிக்கு இப்போதுதான் விளங்கியது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது நாளும் வெறும் புடலங்காயைத் தின்று கிடந்தது தான் மட்டும்தானா?

வீட்டு வாசலில் அவரை நிறுத்தினாள். பிரான்சி வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று கீழே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"எந்தக் கடைங்க?"