மேனேஜரின் மதியச் சாப்பாடு

"என்னங்க, நீங்க ஒரு வாய் வெச்சாத்தான் அது வாயைத் திறக்கும். பாவம், அரை மணி நேரமா தட்டையும் உங்களையும் மாறி மாறிப் பாக்குது!"

பெயின்ட் கடைக்காரர் குனிந்து பார்த்தார். தட்டில் வேகவைத்த ஈரல், முட்டை, கீரை, பீட்ரூட், பூசணிக்காய். பக்கத்தில் மேனேஜர் உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் என்பது நாய். கடை வாசலில் படுத்தபடி வருகிறவர் போகிறவரையெல்லாம் மேற்பார்வை பார்க்குமே தவிர, ஒரு வேலையும் செய்யாது. அதனால் வந்த பதவி. குட்டியாக வந்த நாளிலிருந்து பிஸ்கட்டை ஒரு கடி கடித்துவிட்டு மீதியைப் போட்டே பழக்கிவிட்டார் அவர். இன்றுவரை முதலாளியின் பல் படாத பண்டத்தை அது முகர்ந்துகூடப் பார்க்காது.

அந்தப் பழக்கத்தைத்தான் அவர் மனைவி பிடித்துக்கொண்டாள்.

முந்தின நாள் சட்டை துவைக்கும்போது பையில் ஒரு சீட்டு அகப்பட்டது. டாக்டர் கையெழுத்து. மேல்பக்கம் கிழிந்து போயிருந்தது. மிச்சத்தில் இந்தப் பண்டங்களின் பட்டியல். அடியில், 'ஒரு நாளும் தவறக் கூடாது. அசட்டை செய்தால் இதயத்துக்கு ஆபத்து.'

அந்த வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். போன வாரம்தான் இருவரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். 'ஜோடியா வந்தா எவ்வளவு குறைப்பே?' என்று லேப்காரரை மடக்கி, அவளையும் இழுத்துப் போனவர் அவர்தான். டாக்டரிடம் போய்வந்தவரை, "என்ன சொன்னார்?" என்று கேட்டதற்கு, "எல்லாம் சரியாத்தான் இருக்காம்" என்று முகம் பார்க்காமல் பதில் சொன்ன மனுஷன்!

நேரே கேட்டால் காரியம் கெடும். பொரித்தது, வறுத்தது தவிர வேறெதையும் சாப்பாடு என்றே ஒப்புக்கொள்ளாத நாக்கு அது. அதனால் நாய் டாக்டரிடம் போனாள். "தாராளமா குடுங்கம்மா. வழக்கமான தீனியோட கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. வெங்காயம், பூண்டு, உப்பு, மசாலா மட்டும் ஆகாது" என்றார் அவர். அது போதும் அவளுக்கு.

"நாய்க்கு ஈரலும் முட்டையுமா? அடுத்த ஜென்மத்துல நான் இந்தக் கடையிலேயே நாயா வந்துடுறேன்" என்றார் கடைக்காரர்.

"டாக்டரே சொல்லிட்டார். வாயைத் திறங்க."

கரண்டியை எடுத்தவர் சட்டென்று நிறுத்தினார். "இரு. முதல்ல நீ சாப்பிடு."

"நான் எதுக்கு?"

"கம்பெனிக்காரன் தன் கையால சுவத்துல ஒரு பட்டை அடிச்சுக் காட்டாம, நான் ஒரு டப்பா இறக்கினதுண்டா? சமைச்சவ தின்னு காட்டு. அப்புறம் நான். அப்புறம் மேனேஜர்."

எல்லாரும் உண்டு முடித்தபின் பாத்திரத்தை வழித்துவிட்டு, ஒரு டீயோடு மதியத்தைத் தள்ளிவிடுகிறவள் அவள். ஆனாலும், ஒரு வாய் ஈரலுக்குப் புருஷன் உயிர் கிடைக்கிறதென்றால் கசக்குமா? விழுங்கினாள். அவர் விழுங்கினார். மேனேஜர் தட்டையே நக்கித் துடைத்துவிட்டது.

மறுநாள் பேரம் வளர்ந்தது.

"ஒரு வாய் பத்தாதுங்க. பூசணியை ஒதுக்குது பாருங்க. நீங்க நாலு கரண்டி சாப்பிடுங்க."

"நீ நாலு சாப்பிட்டா நான் நாலு."

"எனக்கு ஒண்ணு போதும். உங்களுக்கு நாலு."

"கட்டுபடியாகாது. நான் கடைக்கு இறங்குறேன்" என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஐயையோ, உட்காருங்க! சரிக்குச் சரியே இருக்கட்டும்."

இரண்டாம் வாரம் தட்டு மூன்றாகிவிட்டது. நடுவில் மேனேஜர் இப்படியும் அப்படியும் பார்த்தபடி சாப்பிட்டது.

"பீட்ரூட் மண்ணு மாதிரி இருக்கு."

"மண்ணுன்னா மண்ணு. முழுங்குங்க."

"நீ முழுங்கினியா? வாயைக் காட்டு."

அவள் வாயைத் திறந்து காட்டிவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். முப்பது வருஷமாக எந்தக் கம்பெனிக்காரனும் அசைக்க முடியாத மனுஷன், ஒரு நாயைக் காட்டியதும் விழுந்துவிட்டாரே! தங்கைக்கு போன் போட்டுச் சொன்னபோது, "அடேயப்பா, நீ கடையில உட்கார்ந்திருந்தா இந்நேரம் நாலு கடை ஆகியிருக்கும்க்கா" என்றாள் அவள்.

மேனேஜரின் முதுகு பாலிஷ் போட்டதுபோல் மின்னியது. அவருக்குத் தொந்தி கொஞ்சம் இறங்கியிருந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவதை அவள் எப்போது விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்.

ஆறு வாரம் கழித்து, மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். "டாக்டர் ரெண்டு பேரையும் வரச் சொல்றார்" என்றார் கடைக்காரர். வழியெல்லாம் அவள் சாமியை வேண்டிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, அவளுடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"என்னை விடுங்க டாக்டர். முதல்ல அவரைப் பாருங்க. நீங்க எழுதினதை ஒரு நாள் விடாம குடுத்திருக்கேன். அவருக்கே தெரியாம, நாய் பேரைச் சொல்லி!"

கடைக்காரர் சுவரில் தொங்கிய கிட்னி படத்தை, விலைக்கு வாங்கப் போகிறவர்போல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கென்னம்மா, அன்னைக்கே கல்லு மாதிரி இருந்தார்" என்று டாக்டர் சிரித்தார். "ஹீமோகுளோபின் எட்டரையில கிடந்து, இப்போ பத்தரைக்கு ஏறியிருக்கறது உங்க ரத்தத்துலதான். 'அவளுக்குன்னு சொன்னா ஒரு வாய் வைக்க மாட்டா, எனக்குன்னு நினைச்சா ஒரு நாள் விடமாட்டா'ன்னு சொல்லி, சீட்டு மேல நான் எழுதியிருந்த உங்க பேரை இங்கேயே கிழிச்சுட்டுத்தான் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போனார்."