பல்லி வாயைப் பொத்திய காலை

தோட்டத்துச் சுவரில் ஒரு நத்தை தினமும் ஊர்ந்து ஊர்ந்து கதை எழுதும். வெயில் ஏறினால் எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிடும். அதைப் படிக்க ஒரே ஒரு பல்லிதான் வரும். அதுவும் எழுத்தில் ஒட்டிய கொசுக்களுக்காக.

ஒரு காலை நத்தை தலையைத் தூக்கிச் சொன்னது: "பல்லியண்ணே, இன்னையோட எழுதறத நிறுத்திடறேன். மூணு வருஷமா எழுதி என்னத்தைக் கண்டேன்?"

மேலே இருந்த பல்லிக்குப் பகீரென்றது. ஒருவர் பேசி முடித்ததும் பல்லி சத்தமிட்டால் சொன்னது பலித்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம். அந்த நேரம் பார்த்து அதற்குத் தொண்டை அரித்தது. முன்னங்கால் இரண்டாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டது. பின்னங்கால்கள் மட்டும் எவ்வளவு தாங்கும்? நேராக நத்தையின் தலையில் வந்து விழுந்தது.

"தலையில பல்லி விழுந்தா என்ன பலன்ணே?" என்று ஓட்டுக்குள்ளிருந்து கேட்டது நத்தை.

"காலண்டர்ல போட்டிருப்பான், பாரு. விழுந்த பல்லிக்கு என்ன பலன்னுதான் எவனும் போடறதில்ல" என்று இடுப்பைத் தடவியது பல்லி.

நத்தை கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்லச் சுவரில் ஊர ஆரம்பித்தது.

"நிறுத்திடறேன்னு சொன்னியே?"

"நிறுத்தியாச்சுண்ணே. நீங்க விழுந்த கதை மட்டும். நல்லா வரும்னு தோணுது."

அதுவரை அடக்கி வைத்திருந்த சத்தத்தைப் பல்லி அப்போதுதான் விட்டது.