திடீர் ஆய்வு

"சட்டையைக் கொஞ்சம் கசக்கி விட்டுக்குங்க. இஸ்திரி மடிப்புக் கலையாம போய் நின்னா, குடிகாரன்னு யாரு நம்புவா?" என்றாள் மனைவி, ஆஸ்பத்திரி வாசலில் காரை விட்டு இறங்கியதும்.

சட்டமன்ற உறுப்பினர் அவள் சொன்னபடி செய்தார். தன் பங்குக்குத் தலைமுடியையும் கலைத்துவிட்டுக்கொண்டார்.

போதை மீட்புச் சிகிச்சைச் சட்டம் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. குடிக்கிறவன் குற்றவாளி இல்லை, நோயாளி என்று சபையில் அவர் தொண்டை கிழியப் பேசியபோது எதிர்க்கட்சிக்காரர்களே மேசையைத் தட்டினார்கள். ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் தனி வார்டு, மனநல ஆலோசகர். வருகிறவரை ஏளனமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது, விருப்பமில்லாமல் பிடித்தும் வைக்கக் கூடாது. எல்லாம் அவர் போராடிச் சேர்த்தவை. சட்டம் வந்து வருடம் ஓடிவிட்டது. காகிதத்தில் இருப்பது வார்டில் இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

வேஷம் போடும் யோசனை மனைவியுடையது. உறுப்பினராகப் போனால் சுவருக்கு வெள்ளையடித்துப் பூங்கொத்தோடு நிற்பார்கள், நோயாளியாகப் போனால்தான் வண்டவாளம் தெரியும் என்றாள். அவர் முகம் தெரியாத ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். உறுப்பினருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்திரிகையில் என்ன தலைப்பு வரும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார்.

வார்டில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. காவலாளி மரியாதையாக உட்காரச் சொன்னார். நர்ஸ் முகம் சுளிக்காமல் ரத்த அழுத்தம் பார்த்தாள். உறுப்பினர் மனசுக்குள் மதிப்பெண் போட்டபடியே மனைவியோடு ஆலோசகரின் அறைக்குள் போனார்.

ஆலோசகருக்கு அவருடைய மகள் வயதிருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, எப்போது குடிக்க ஆரம்பித்தார் என்று மெதுவாகக் கேட்டாள். வரும்போது ஒரு கதையைக் கட்டி வைத்திருந்தார். அவள் கேட்டவுடன் அது முழுசாக மறந்துபோயிற்று. புதிதாகப் புளுகினால் முன்னுக்குப் பின் முரணாகிவிடும் என்று பயந்து, சொந்தக் கதையையே எடுத்துவிட்டார். சபையில் ஒரு மசோதா தோற்ற வருத்தத்தில் ஆரம்பித்ததை மட்டும், தொழிலில் நஷ்டம் என்று மாற்றிக்கொண்டார்.

கார் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் பாட்டிலை ஒளிப்பதைச் சொன்னார். வாய் நாற்றத்துக்காகக் கைவசம் ஏலக்காய் வைத்திருப்பதைச் சொன்னார். மகள் பட்டம் வாங்கிய விழாவுக்குப் போய், மண்டபத்துக்குள் நுழையாமல் காரிலேயே தூங்கிப்போனதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் தானாகக் கம்மியது. பிரமாதம் என்று நினைத்துக்கொண்டார். தண்ணீர் டம்ளரை எடுத்தால் கை நடுங்கியது. அதுவும் எவ்வளவு தத்ரூபமாக வருகிறது! கல்லூரி நாடகத்தில் தன்னை ஈட்டி பிடித்து ஓரமாக நிற்க வைத்த வாத்தியாரை நினைத்து அவருக்குக் கோபம் வந்தது.

பக்கத்தில் மனைவி தலை குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவள் நம்மையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள் போலிருக்கிறதே என்று வியந்தார்.

"முதல் நாள்லயே இவ்வளவு மனசு திறந்து பேசுறவங்க ரொம்பக் குறைவுங்க ஐயா," என்றாள் ஆலோசகர்.

இதற்கு மேல் அந்தப் பெண்ணை ஏமாற்ற அவருக்கு மனசு வரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"நான் யாருன்னு தெரியுமாம்மா?"

"இங்க வர்றவங்க நிறையப் பேர் அதைத்தான் கேப்பாங்க. சொல்லுங்க ஐயா."

தான் யார் என்பதையும், இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே தான்தான் என்பதையும், திடீர் ஆய்வுக்காகக் குடிகாரனாக நடித்ததையும் அவர் கம்பீரமாகச் சொல்லி முடித்தார். வார்டுக்கு நூற்றுக்கு நூறு என்றார். அவள் பதறி எழுந்து நிற்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. அவருடைய மனைவியை ஒரு பார்வை பார்த்தாள்.

"தெரியுங்க ஐயா. சட்டப்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாதே, என்ன செய்யறதுன்னு அம்மா பல தடவை இங்க வந்து அழுதாங்க. ஆய்வுன்னு சொன்னா நீங்களா வருவீங்கன்னு நாங்க எல்லாரும் சேர்ந்துதான் யோசிச்சோம். ஜன்னலோரமா ஒரு கட்டில் போட்டு வெச்சிருக்கோம், வந்து பாக்குறீங்களா?"