எத்தனை பிரசவம்?

"எத்தனை பிரசவம்னு அவங்க வாயாலதான் வரணும். நீங்க சொல்லிக் கொடுக்கக் கூடாதுக்கா."

கேள்வி கேட்க வந்தவள் இத்தோடு இரண்டு முறை சொல்லிவிட்டாள். மகள் காதில் போட்டுக்கொண்டால்தானே! முக்காலியை இழுத்துப் போட்டுத் தாயின் நாற்காலியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மூணுன்னு சொல்லுங்கம்மா."

பரீட்சையில் பிட் கொடுப்பதைப் போலிருந்தது. வந்தவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பிள்ளை பெற்றதற்கும், வயதான காலத்தில் ஞாபகம் மங்குவதற்கும் தொடர்பு உண்டா? நிறையப் பெற்றவர்களுக்கு மறதி அதிகமா, ஒன்றுமே பெறாதவர்களுக்கா? அதுதான் ஆராய்ச்சி. விடை அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசைதான் நாலு மாதமாக அவளை மாடி மாடியாக ஏற வைத்திருந்தது.

அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்து, முதலில் ஞாபகச் சோதனையை நடத்தினாள். சாவி, பஸ், செருப்பு, மழை, கண்ணாடி என்று ஐந்து வார்த்தைகள் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டாள்.

"சாவி..." என்று ஆரம்பித்த தாய் அங்கேயே நின்றுவிட்டாள். "சாவியை எங்கே வெச்சேன்?"

"இது என்ன மாசம்?"

பதிலுக்கு ஒரு சிரிப்புதான் கிடைத்தது.

ஆனால் பிரசவம் என்றதும் அந்த முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

"மூணு. பெரியவ தலைக்குப் பதிலா கால் மாறி வந்தா. என்னைக் கொன்னே போட்டா! நடுவுல உள்ளவன் தும்மற நேரத்துல வந்துட்டான். டாக்டர் கையைக் கழுவிட்டு வர்றதுக்குள்ள இவன் வெளியில. கடைக்குட்டிதான் ரெண்டு நாள் இழுத்தடிச்சான்."

"நானாம்மா உங்களைக் கொன்னேன்?" என்று மகள் சிரித்தாள்.

"நீயேதான்டி!"

வந்தவள் வியந்துபோனாள். அரை நிமிஷத்துக்கு முன் சொன்ன செருப்பு போய்விட்டது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய வலி அப்படியே இருக்கிறதே!

"முதல் பிரசவத்தப்போ உங்களுக்கு என்ன வயசு?"

"அதெல்லாம் யாரு எண்ணினா?"

"பரவாயில்ல, நான் கழிச்சுப் பாத்துக்கறேன். அக்கா, உங்க வயசு?"

மகள் தயங்கினாள். "அம்பத்தாறு."

தாயின் அடையாள அட்டையில் அறுபத்தேழு என்றிருந்தது. இரண்டையும் டேப்லெட்டில் போட்டதும் கட்டம் சிவந்தது. முதல் பிரசவத்தின்போது வயது, பதினொன்று.

"கார்டுல வயசு தப்பா இருக்கா?"

"வயசு சரிதான்." மகளின் குரல் இறங்கிவிட்டது. "கொஞ்சம் வெளியில வாங்களேன்."

மாடிப்படி அருகே வந்ததும் கதவைச் சாத்தினாள். "பிரசவம் பூஜ்யம்னு போட்டுக்குங்க."

"என்னது?"

"அவங்க எங்களைப் பெத்தவங்க இல்ல."

வந்தவளுக்கு அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ எதுக்கு மூணுன்னு எடுத்துக் கொடுத்தீங்க? நான் பாட்டுக்கு அப்படியே அனுப்பியிருந்தா எங்க கணக்கே தப்பாப் போயிருக்குமே! மறதி அவங்களுக்கா, உங்களுக்கா?"

"எவ்வளவு வேணாலும் திட்டுங்க. அவங்க எதிர்ல மட்டும் பூஜ்யம்னு சொல்லிடாதீங்க."

அந்தக் குரலில் வந்தவளின் கோபம் பாதியில் நின்றது.

"எங்களைப் பெத்தவங்க தவறிப்போனப்போ எனக்குப் பத்து வயசு. சின்னத் தம்பிக்கு மூணு. அந்த வருஷமே அப்பா இவங்களைக் கட்டிட்டு வந்தார். இவங்களுக்கு அப்போ இருபத்தொண்ணு."

"அந்தக் கால் மாறி வந்தது, தும்மற நேரத்துல..."

"எல்லாம் எங்களைப் பெத்தவங்க பட்டது. அப்பா சொல்லிக் கேட்டிருப்பாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி மறதி ஆரம்பிச்சதும், தானே பெத்ததா சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. இல்லைன்னு சொல்ல எங்க யாருக்கும் வாய் வரல."

வந்தவள் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். உடனே அடுத்த கேள்வி வந்து நின்றது. கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

"பிள்ளை இல்லாததுக்குக் காரணம் கேக்குதுக்கா. உடம்புல ஏதாவது..."

"உடம்புல ஒரு குறையும் இல்ல. சொந்தமா ஒண்ணு பொறந்தா, மனசு அந்தப் பக்கம் சாஞ்சுடும்னு பயந்தாங்க. வேணாம்னு அப்பாகிட்ட தீர்மானமா சொல்லிட்டாங்க."

டேப்லெட்டில் நாலு காரணங்கள் இருந்தன. இது அதில் இல்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டுவிட்டு வந்தவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"கொடுத்து வெச்சவங்கக்கா அவங்க. வயித்துல சுமக்கலைன்னா என்ன? வார்த்தைக்கு வார்த்தை அம்மான்னு கூப்பிட மூணு பேர் இருக்கீங்களே."

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "ஏண்டி, எங்கே போயிட்டே?"

"இதோ வந்துட்டேம்மா!"

பதில் கொடுத்தாளே தவிர, மகள் கதவைத் திறக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றாள்.

"ஒரு தடவை அம்மான்னு கூப்பிடுங்கடான்னு கெஞ்சியிருக்காங்க. முடியாதுன்னுட்டோம். நல்லா ஞாபகத்தோட இருந்த நாப்பத்துநாலு வருஷமும், நாங்க மூணு பேரும் அவங்களை 'சித்தி'ன்னுதான் கூப்பிட்டோம்."