புதுப் பிள்ளையின் கொப்பி

"தன்ர வாயாலயே சொல்லிப்போட்டான் வனஜா அக்கா! ‘நான் பிள்ளையளைப் பிடிக்கிறன்’ எண்டு என்ர முகத்துக்கு நேர சொன்னவன்!"

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வனஜாவின் குசினி வரை வந்துவிட்டாள் சந்திரகாந்தி. கையில் ஒரு படிவமும் ஒரு கொப்பியும் இருந்தன. இரண்டையும் மேசையில் போட்டாள்.

வனஜா கொலோன் தமிழ்ப் பள்ளியில் பதினைந்து வருடமாகச் சின்ன வகுப்பு எடுப்பவர். நல்ல ஜேர்மன் எழுதுவார். அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் என்றால் தெரிந்த சனமெல்லாம் அவரிடம்தான் வரும்.

"முதலில இரும் காந்தி. ஆர் சொன்னது?"

"அந்தப் பொலிஸ்தான். ஹெர் கெல்லர். நேற்றுப் பின்னேரம் பொலிஸ் உடுப்போட வந்து வாசலில நிக்கிறான். சுபானி வீட்டில இல்லை. நான் கதவைப் படாரெண்டு சாத்திப்போட்டன்."

"அடி வாங்காமல் தப்பினாரே, அது போதும்."

"பகிடி விடாதேங்கோ அக்கா!"

மகள் சுபானிக்குப் பதினைந்து வயது. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் மூன்று கிழமை எங்காவது வேலை பழக அனுப்புகிறார்கள். அவள் கேட்டிருப்பது கெல்லரின் பொலிஸ் நிலையத்தை. திங்கட்கிழமைக்குள் தாயின் கையெழுத்து வேண்டும். மேசையில் கிடந்தது அந்தப் படிவம்தான்.

"‘என்ர பிள்ளையை விட ஏலாது’ எண்டு நல்ல ஜேர்மனில ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. அவன் நடத்திற அந்த விளையாட்டு மண்டபத்துக்கும் இனி அவள் போகமாட்டாள்."

"அந்த மனிசனை எனக்கும் தெரியும். தாய் ஜேர்மன்காரி. தகப்பன் அமெரிக்கன் ஆமியில வந்த கறுப்பர். பொலிஸ் உடுப்புப் போட்ட முதல் நாள், ‘கார்னிவல் திருவிழா முடிஞ்சுதே, ஏன் இன்னும் பொலிஸ் வேசம்?’ எண்டு சனம் கேட்டதாம். அதையும் கேட்டுக்கொண்டு முப்பத்தைஞ்சு வருசம் இந்த றோட்டுகளில நிண்டவர்."

"நிண்டால்?"

"சனிக்கிழமையெண்டால் மண்டபத்தைத் திறந்து வச்சு, துருக்கிப் பிள்ளையோ எங்கட பிள்ளையோ, பந்தடிக்கவும் விட்டுக் கணக்கும் சொல்லிக் குடுக்கிறவர். தபோதரன்ர மூத்தவனுக்குத் தொழில் படிக்க அவுஸ்பில்டுங் எடுத்துக் குடுத்தது ஆரெண்டு நினைக்கிறீர்? அவருக்கு ஒரே ஒரு மனக்குறைதான். பிள்ளையள் வருதுகளாம், தாய்தகப்பன் கதவு திறக்கினமில்லையாம்."

சந்திரகாந்தி படிவத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்.

"கறுப்போ வெள்ளையோ, எனக்கு அதில்லை அக்கா. உடுப்பு உடுப்புத்தான். ஊரில என்ர தம்பியையும் சும்மா விசாரிக்க எண்டுதானே கூட்டிக்கொண்டு போனவங்கள். வாசலில நிண்டு சிரிச்சுக் கதைச்சவங்கள். அண்டைக்கு நான்தான் கதவு திறந்துவிட்டனான்."

இருபது வருடம் முந்திய கதை. வனஜாவுக்கு அதற்கு மேல் வாதாட மனம் வரவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். திகதி போட்டார். ‘மதிப்புக்குரிய திரு. கெல்லர்’ என்று ஜேர்மனில் எழுதினார். அதோடு பேனை நின்றுவிட்டது.

"இதென்ன கொப்பி?"

"சுபானி ஒரு புதுப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கிறாளெல்லே, அதின்ர கொப்பி. அழுதழுது தந்துவிட்டவள். இண்டைக்கே நீங்கள் திருத்த வேணுமாம்."

வனஜாவுக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். கண்டதில்லை, எழுத்தைத்தான் தெரியும். மூன்று மாதமாகச் சுபானி கொண்டுவரும் கொப்பி. சனிக்கிழமைகளில் பிள்ளைக்கு வேறு அலுவலாம், பள்ளிக்கு வர முடியாதாம். பழைய கொப்பியின் மட்டையில் ‘அன்ரன்’ என்று மட்டும் இருந்தது. தேவாலயத்துக்குப் போகிற எங்கட வேதக்காரப் பிள்ளை யாரோ என்று வனஜா நினைத்திருந்தார். இது புதுக் கொப்பி. கடிதத்தைக் கொஞ்சம் பிற்போடக் கிடைத்த சாட்டு என்று அதைத் திறந்து, சிவப்புப் பேனையை எடுத்தார்.

‘நான் பூனையைப் பிடிக்கிறன்.’

‘நான் தேத்தண்ணியைப் பிடிக்கிறன்.’

வனஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தேத்தண்ணியைத் துரத்திப் பிடிக்குதாம்! பாவம், ஜேர்மனில யோசிச்சுத் தமிழில எழுதுது. ‘எனக்குப் பிடிக்கும்’ எண்டெல்லே வரவேணும்."

இரண்டு வரியையும் திருத்தினார். மூன்றாவது வரிக்கு வந்தபோது பேனை அந்தரத்தில் நின்றது.

"காந்தி, அந்தப் பொலிஸ் உமக்கு எந்தப் பாஷையில சொன்னவர்?"

"தமிழிலதான்! அதுதானே அக்கா எனக்கு உயிர் போனது. தம்பியைக் கொண்டுபோனவங்களும் உப்பிடித்தான், உடைஞ்ச தமிழில..."

வனஜா மூன்றாவது வரியில் விரலை வைத்து, கொப்பியை அவள் பக்கம் தள்ளினார்.

‘நான் பிள்ளையளைப் பிடிக்கிறன்.’

சந்திரகாந்தி மெல்ல மட்டையைத் திருப்பிப் பார்த்தாள். கோணல்மாணலாக, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது: ‘பெயர்: அன்ரன் கெல்லர். வயது: 59.’

அவள் வனஜாவின் கையிலிருந்த சிவப்புப் பேனையை வாங்கி, அந்த மூன்றாவது வரியைத் தானே திருத்திவிட்டு, படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.