இரண்டாவது டிஸ்க்கின் பெயர்

ஜெசிந்தா காலையில் ஆய்வுக்கூடத்து சர்வருக்கு, அதன் இயங்குதளத்தின் மையமான கர்னலைப் புதிதாகப் போட்டு, அதை மறுபடி ஓடவிட்டாள். திரையில் டிஸ்க்குகளின் பட்டியலை இரண்டு முறை படித்தாள். புதிய கர்னல் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளுக்கும் ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு மாற்றிப் போட்டிருந்தது. நேற்றுவரை எஸ்டிஏ என்றிருந்தது இன்று எஸ்டிபி. ஆறு வருடமாக வெயிலில் கரையோரம் நடந்து அவள் எடுத்த கடலரிப்பு அளவுகள் முழுக்க அதில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

பேராசிரியர் தில்லைநாயகம் பின்னால் வந்து நின்றார். அந்த அளவுகளை வைத்துப் போன மாதம் வெளிவந்த கட்டுரையில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. ஏன் என்று கேட்டவளிடம், எடுபிடிக்கெல்லாம் பெயர் போட முடியாது என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

“அந்தப் பழைய குப்பை டிஸ்க், எஸ்டிபி, அத இப்பவே அழிச்சிடு. இடம் வேணும்.”

“சார், அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். பேரு மாறி...”

“மறுபடியும் பேரா?” அவர் மேஜையை ஓங்கித் தட்டினார். “இனிமே பேரு கீருன்னு வாயத் தொறந்தே, வேலைய விட்டுத் தூக்கிடுவேன். சொன்னதச் செய்.”

ஜெசிந்தா கீபோர்டை இழுத்து, டிஸ்க்கை அழிக்கும் கட்டளையை ஆரம்பித்தாள். எஸ்டிபி என்று ஒவ்வோர் எழுத்தாக, அவர் பார்க்கும்படி நிதானமாகத் தட்டினாள். நிச்சயமாக அழிக்கலாமா என்று கணினி கேட்டது.

“அதுவும் கேக்குது சார்.”

“ஆமான்னு போடேன்.”

அவள் எழுந்து, கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இதுவும் உங்க பேர்லயே இருக்கட்டும் சார்.”